எழுந்து போகலாம் என்று யார் சொல்வது?

2017 ஜனவரி 23, திங்கட்கிழமை. ஜல்லிக்கட்டுக்கான அவசரச் சட்டம் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அதைச் சட்டமாக்கும் மசோதா அன்று மாலையே சட்டமன்றத்தில் நிறைவேற இருந்தது. மெரினாவில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டதில் பெரும்பகுதி கைக்கு எட்டிவிட்ட அந்த நாளின் விடியற்காலையில்தான் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்த இறங்கியது. பொழுது சாய்வதற்குள் ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ வைக்கப்பட்டது. நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்து சாம்பலானது. குப்பத்து வீடுகளுக்குள் லத்திகள் புகுந்தன.

வென்ற போராட்டம் ஒன்று தோற்ற போராட்டத்தைப் போல முடிந்தது. ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். கூட்டத்துக்குள் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றது அரசு. காவல் துறை வேண்டுமென்றே செய்தது என்றார்கள் இளைஞர்கள். சீருடையில் இருந்தவர்களே வாகனங்களுக்குத் தீ வைத்த காட்சிகளையும் காட்டினார்கள். அடித்ததற்கான பொறுப்பு அடித்தவர்களுடையது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த இரண்டு பதில்களுக்கும் வெளியே ஒரு கேள்வி எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது. ‘கேட்டது கிடைத்துவிட்டது, எழுந்து போகலாம்’ என்று சொல்லும் உரிமை அந்தக் கடற்கரையில் யாருக்கு இருந்தது?

யாருக்கும் இல்லை. அதைத்தான் ஒரு வாரமாக நாம் எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

கொண்டாடியதில் தவறில்லை. அலங்காநல்லூரில் ஜனவரி 16 இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்களை மறுநாள் காலை போலீஸ் பிடித்துச் சென்றது. அந்தச் செய்தி பரவி, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சிறு கூட்டமாகச் சிலர் கூடினார்கள். அன்றிரவே அது ஆயிரங்களானது. அடுத்த நாட்களில் லட்சங்களானது. விளக்குகள் அணைக்கப்பட்டபோது கைபேசிகள் வெளிச்சம் தந்தன. கல்லூரி மாணவர்கள் குப்பை பொறுக்கினார்கள், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள். சாப்பாட்டுப் பொட்டலங்கள் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தன. இதில் எதற்கும் ஒரு மாநாட்டுக் குழு கிடையாது.

தமிழ்நாட்டில் அரசியல் கூட்டம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். லாரியில் ஏற்றி வந்த ஆட்கள், கட்அவுட், மேடையில் வரிசை எண்ணி நாற்காலி. பெண்பிள்ளைகளை இரவில் அப்படி ஒரு கூட்டத்துக்கு எந்தத் தாயும் தகப்பனும் அனுப்ப மாட்டார்கள். மெரினாவுக்கு அனுப்பினார்கள், சிலர் தாங்களே கைக்குழந்தையோடு வந்தார்கள். கட்சிக்கொடி இல்லை என்பதுதான் அவர்கள் வந்ததற்கான முதல் காரணம். கட்சித் தலைவர்கள் கூட்டத்துக்குள் இடம் கிடைக்காமல் தங்கள் போராட்டத்தைத் தனியாக நடத்திக்கொண்டார்கள்.

அரசுகளுக்குப் போராட்டங்களைக் கையாளப் பழகிய வழிகள் இரண்டு. தலைவரைப் பிடித்து உள்ளே போடுவது. முடியாவிட்டால் அழைத்து உட்காரவைத்து, தனியாக ஏதாவது கொடுத்து அனுப்புவது. தலை இல்லாத கூட்டத்திடம் இரண்டும் பலிக்காது. 2014 குடை இயக்கத்தின் முன்னணியினர் பின்னர் சிறைக்குப் போனதைப் பார்த்த ஹாங்காங் இளைஞர்கள் 2019-ல் தலைவர்களே வேண்டாம் என்று முடிவு செய்தது இதனால்தான். நாடு கடத்தல் மசோதாவை அவர்கள் திரும்பப் பெறவும் வைத்தார்கள். (2020 ஜூனில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதை எதிர்கொள்ள அந்த உத்தி போதவில்லை என்பது அடுத்த கதை.)

ஆனாலும் மெரினாவின் வெற்றியை முழுக்கத் தலைமையின்மையின் கணக்கில் எழுதுவது சரியாகாது. ஜெயலலிதா இறந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. முதலமைச்சர் நாற்காலியில் இருந்த ஓ.பன்னீர்செல்வத்துக்கு அது எத்தனை நாள் என்று தெரியாது. தலைவர் இல்லாத கூட்டத்துக்கு எதிரே தலைமை தடுமாறிய ஓர் அரசு இருந்தது. முதல் சில நாட்கள் போலீஸ் காட்டிய பொறுமைக்கு அதுவும் ஒரு காரணம். (இரண்டு வாரம் கழித்து, அதே மெரினாவில் ஜெயலலிதா சமாதிக்கு முன் பன்னீர்செல்வமே கண்ணை மூடி உட்கார்ந்து ‘தர்ம யுத்தம்’ தொடங்கியது வரலாற்றின் குறும்பு.) தவிர, ஜல்லிக்கட்டு வேண்டாம் என்று சொல்லும் பெரிய கட்சி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. எதிரிகள் டெல்லியிலும் நீதிமன்றத்திலும் பீட்டா அலுவலகத்திலும் இருந்தார்கள். பக்கத்து வீட்டில் எதிரி இல்லாத கோரிக்கைக்கு ஊரைக் கூட்டுவது எளிது. உடுமலைப்பேட்டையில், சாதி மீறி மணந்த சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டு அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்கு ஏன் இந்தக் கூட்டம் கூடவில்லை என்ற கேள்வியை அன்றே சிலர் கேட்டார்கள்.

இனி அந்தக் கடைசி இரண்டு நாட்களுக்கு வருவோம்.

ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்ததும் கடற்கரையில் எழுந்த முழக்கம், ‘நிரந்தரச் சட்டம் வேண்டும்’ என்பது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் அவர்கள்; 2016 ஜனவரியில் மத்திய அரசு கொடுத்த அனுமதியை ஒரே வாரத்துக்குள் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஆனால் நிரந்தரம் என்பது அன்று யாராலும் கொடுக்க முடியாத பொருள். மத்தியச் சட்டம் ஒன்றில் மாநிலம் செய்யும் திருத்தம் அது. அவசரச் சட்டம் மசோதாவாக வேண்டும், மசோதா சட்டமன்றத்தில் நிறைவேற வேண்டும், பிறகு குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். இத்தனைக்கும் பிறகு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்யாமல் இருக்க வேண்டும். ஒப்புதல் ஜனவரி 31 அன்று வந்தது. அரசமைப்பு அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று சொன்னது 2023 மே 18 அன்று. கேட்ட நிரந்தரம் கிடைக்க ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதை அந்தக் கூட்டத்துக்கு யாராவது விளக்கியிருக்கலாம். விளக்க முயன்றார்கள். ஜல்லிக்கட்டு வழக்கோடும் காளை வளர்ப்போடும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் போதும் என்றார்கள். பாடகர் ஹிப்ஹாப் ஆதி 22-ஆம் தேதி காணொளி வெளியிட்டு, போராட்டம் திசைமாறுகிறது, நான் விலகுகிறேன் என்றார். அவர்கள் விலைபோய்விட்டார்கள் என்று கூட்டத்தின் ஒரு பகுதி முடிவு கட்டியது. தலைவர் இல்லாத இடத்தில், ‘போதும்’ என்று முதலில் சொல்பவர் துரோகி ஆகிவிடுகிறார். ‘இன்னும்’ என்று சொல்பவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அதனால் மைக் எப்போதும் இன்னும் கடுமையாகப் பேசுபவரின் கைக்கே போய்ச் சேர்கிறது. 23-ஆம் தேதி மாலை, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் கடற்கரைக்கு வந்து சட்டத்தின் நிலையை எடுத்துச் சொன்ன பிறகு எஞ்சியிருந்தவர்கள் கலைந்தார்கள். தலைவர் வேண்டாம் என்ற கூட்டம், கடைசியில் தான் நம்பக்கூடிய ஒரு குரலைத்தான் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் 21-ஆம் தேதி இரவே கிடைத்திருந்தால் நடுக்குப்பத்துச் சந்தை தப்பியிருக்கலாம்.

நடுக்குப்பத்தை நாம் சீக்கிரம் மறந்துவிட்டோம். ஓடிவந்த மாணவர்களுக்கு அடைக்கலமும் தண்ணீரும் கொடுத்த மீனவர்கள்தான் அதிக விலை கொடுத்தார்கள். ஜல்லிக்கட்டு அவர்களுடைய விளையாட்டும் அல்ல. கைதானவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது 2021 பிப்ரவரியில், அதுவும் எல்லா வழக்குகளையும் அல்ல. நான்கு ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு அலைந்தவர்களுக்காக வக்கீல் பீஸ் திரட்ட ‘மெரினா’ என்று ஒரு முகவரி இருக்கவில்லை.

தலைவர் இல்லை என்று சொல்லப்படும் இடங்களில் உண்மையில் தலைமை இருக்கத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்துக்குள் இருந்து ஜோ ஃப்ரீமன் எழுதிய கட்டுரை ஒன்று இன்றைக்கும் படிக்கத் தக்கது. கட்டமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. எழுதப்பட்ட விதிகள் இல்லாத குழுவில் நண்பர் வட்டம்தான் முடிவெடுக்கும். அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால் யாரும் நீக்கவும் முடியாது என்பது அவர் வாதம். இயக்கம் தன் சார்பில் பேச ஆளை நியமிக்காவிட்டால் ஊடகங்கள் தாங்களாகவே நட்சத்திரங்களை நியமித்துக்கொள்ளும் என்றும் அவர் சொன்னார். மெரினாவில் பாடகர்களும் நடிகர்களும் தொலைக்காட்சிக்கு முகமானதை அரை நூற்றாண்டுக்கு முன்பே பார்த்துவிட்டவர் போல.

பேச்சுவார்த்தை என்று வரும்போது இந்தக் குறை அப்பட்டமாகத் தெரியும். 2018 நவம்பரில் பிரான்சில் எரிபொருள் வரிக்கு எதிராக மஞ்சள் அங்கி இயக்கம் தொடங்கியது. எட்டுப் பேர் தொடர்பாளர்களாக முன்வந்தார்கள். சொந்த இயக்கத்திலேயே அவர்களை ஏற்காதவர்கள் ஏராளம். பிரதமர் எதுவார் ஃபிலிப் அழைத்தபோது இரண்டே பேர் போனார்கள். அதில் ஒருவர், உரையாடலை நேரலையில் காட்ட வேண்டும் என்று கேட்டு, மறுக்கப்பட்டதும் வெளியேறினார். அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. உள்ளே என்ன பேசினாய் என்று வெளியே கேட்கப்போகிறவர்களுக்கு அவரிடம் வேறு சாட்சி இல்லை.

நம் ஊரில் இது உயிர்ப் பிரச்சினையானது தூத்துக்குடியில். ஸ்டெர்லைட்டுக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22-க்கு முன், மாவட்ட நிர்வாகம் பேச்சு நடத்தியது. ஒரு பிரிவினர் பள்ளி மைதானத்தில் கூடுவதற்கு ஒப்புக்கொண்டார்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போவோம் என்ற மற்றவர்களை அது கட்டுப்படுத்தவில்லை. பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொன்றதற்கு இது சமாதானம் ஆகாது. துப்பாக்கியை எடுத்தது அரசு. ஆனால், தனக்கு வசதியானவர்களை அழைத்துப் பேசிவிட்டு ‘மக்களோடு பேசிவிட்டோம்’ என்று நிர்வாகம் சொல்ல வழி கிடைத்தது, யாரோடு பேச வேண்டும் என்பதை மக்கள் ஒரே குரலில் முன்கூட்டிச் சொல்லாததால்தான்.

கொழும்பு காலிமுகத்திடல் இன்னொரு பாடம். 2022 ஏப்ரல் 9 முதல் அங்கே ‘கோட்டா கோ கம’ என்ற கூடாரக் கிராமம் எழுந்தது. நூலகம், சமையற்கூடம், மருத்துவக் கூடாரம். கட்சி இல்லை என்பார்கள். பல்கலைக்கழக மாணவர் ஒன்றியமும் அதன் பின்னால் முன்னிலை சோசலிசக் கட்சியும் இருந்தது எல்லோருக்கும் தெரியும். மே 9 அன்று பிரதமர் மகிந்த ராஜபக்சவின் ஆட்கள் வந்து கூடாரங்களைத் தாக்கினார்கள். அன்றே நாடெங்கும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் நிட்டம்புவவில் கொல்லப்பட்டார். அதை நிறுத்தவோ, எங்களுக்கு இதில் பங்கில்லை என்று எல்லோர் சார்பிலும் சொல்லவோ ஆள் இல்லை. ஜூலை 9-ல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச மாலைதீவு வழியாகச் சிங்கப்பூருக்குப் போய் அங்கிருந்து ராஜினாமா செய்தார். ஒரு துப்பாக்கி இல்லாமல் இதைச் சாதித்த கூட்டத்துக்கு வணக்கம் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்து யார் என்ற கேள்விக்குக் கூட்டத்திடம் பதில் இல்லை, அரசமைப்பிடம் இருந்தது. ஜூலை 20-ல் நாடாளுமன்றம் கூடி, ராஜபக்சக்களின் கட்சி ஆதரவோடு 134 வாக்குகளில் ரணில் விக்கிரமசிங்கவைத் தேர்ந்தெடுத்தது. அவருடைய கட்சிக்கு அந்த அவையில் இருந்தது அவர் ஒருவர் மட்டுமே. ஜூலை 22 விடியும் முன் ராணுவம் கூடாரங்களைப் பிடுங்கி எறிந்தது. அந்த வாக்கெடுப்பில் மூன்றே வாக்கு பெற்ற அநுர குமார திசாநாயக்க இரண்டு ஆண்டு கழித்து ஜனாதிபதி ஆனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘அரகலய’ என்ற அந்தப் போராட்டம் விளைவித்ததை அறுவடை செய்தது, கிராமம் கிராமமாகக் கிளை வைத்திருந்த, அரை நூற்றாண்டுப் பழக்கமுள்ள ஒரு கட்சி. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு 1967-ல் இங்கே நடந்ததும் அதுதான். மாணவர்கள் தெருவில் இருந்தார்கள், தி.மு.க.வுக்குக் கிளைகள் இருந்தன. விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த பெ.சீனிவாசன் மாணவர் தலைவர்தான், ஆனால் நின்றது உதயசூரியனில்.

காலிமுகத்திடலைப் பற்றித் தமிழர்கள் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரியிலிருந்து சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டாபயவைப் பார்த்து அவர்கள் கேட்டது வேறு கேள்வி. ‘கோட்டா, வீட்டுக்குப் போ’ என்ற ஒற்றைக் கோரிக்கையில் அதற்கு இடம் இருக்கவில்லை. வடக்கு பெரும்பாலும் ஒதுங்கியே நின்றது. எல்லோரையும் சேர்க்கும் கோரிக்கை எப்போதும் பெரும்பான்மைக்கு வலிக்காத கோரிக்கையாகவே இருக்கும். ஆனால் அதே திடலில், 2022 மே 18 அன்று, முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்துக் கஞ்சி கொடுக்கப்பட்டது. சிங்களவர்களும் வாங்கிக் குடித்தார்கள். எந்தச் சிங்களக் கட்சியின் மத்தியக் குழுவும் அப்படியொரு நிகழ்ச்சிக்கு அனுமதி அளித்திருக்காது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத இடம் என்பதால் அது நடந்தது. இந்த ஒரு காட்சிக்காகவே தலைமையற்ற போராட்டங்களை நான் முற்றாகத் தள்ள மாட்டேன்.

எழுந்து போவது எப்படி என்பதை அண்மைக் காலத்தில் காட்டியவர்கள், மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லையில் இருந்த உழவர்கள். அங்கேயும் ஒற்றைத் தலைவர் கிடையாது. பஞ்சாபின் முப்பதுக்கும் மேற்பட்ட சங்கங்களும் பிற மாநில அமைப்புகளும் சேர்ந்த சம்யுக்த கிசான் மோர்ச்சா. அதற்குள் ஒருவரையொருவர் நம்பாத தலைவர்கள் பலர். அரசோடு பதினோரு சுற்றுப் பேச்சு. 2021 ஜனவரி 20 அன்று சட்டங்களைப் பதினெட்டு மாதம் நிறுத்திவைக்கிறோம் என்று அரசு சொன்னபோது, போய்ப் பேசிவிட்டு வருகிறோம் என்று எழுந்தார்கள். மறுநாள் கூடிப் பேசி வேண்டாம் என்றார்கள். ஜனவரி 26 டிராக்டர் பேரணி செங்கோட்டையில் கைமீறியதும், பிப்ரவரி 1-க்கு அறிவித்திருந்த நாடாளுமன்றப் பேரணியை நிறுத்தினார்கள். நவம்பர் 19-ல் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்த பிறகும் உடனே எழவில்லை. வழக்குகள், இழப்பீடு பற்றி எழுத்தில் கேட்டார்கள். கடிதம் வந்தது. டிசம்பர் 9-ல் போராட்டத்தை ‘ஒத்திவைத்து’, 11-ஆம் தேதி மூட்டை கட்டினார்கள். கூடாரங்களைப் பிரித்தது அவர்கள் கைகள்தான்.

தலைவர்கள் இருந்தால் எல்லாம் நலம் என்பதில்லை. சௌரி சௌரா வன்முறைக்குப் பிறகு காந்தி ஒருவராக ஒத்துழையாமையை நிறுத்தியபோது சிறையில் இருந்தவர்கள் கொதித்தார்கள். உழவர் சங்கங்களிலும் ஒரு பகுதியினர் வெற்றிச் சூட்டோடு 2022 பஞ்சாப் தேர்தலில் நின்று ஓர் இடம்கூடப் பெறவில்லை. ஆனால் தலைவரே வேண்டாம் என்பதற்கும் தலைவர் காலில் விழுவதற்கும் நடுவே வேண்டிய அளவு இடம் இருக்கிறது. மெரினாவில் ஒவ்வொரு கல்லூரிக் கூட்டத்திலிருந்தும் இரண்டு பேர், நாளைக்கு ஒருமுறை மாற்றக்கூடியவர்களாக, அரசோடு பேசவும் என்ன கிடைத்தால் எழுவோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவும் இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தின் சுதந்திரம் ஒன்றும் குறைந்திருக்காது. என்ன கிடைத்தால் போதும் என்பதை முதல் நாளில் முடிவு செய்வது எளிது. ஆறாம் நாள், லட்சம் பேருக்கு நடுவே, அது முடியாது.

அரசு தன் பாடத்தைச் சரியாகப் படித்தது. 2017-க்குப் பிறகு மெரினா போராட்டத்துக்கு மூடப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் ஈழ நினைவேந்தலுக்குப் போன திருமுருகன் காந்தி உள்ளிட்டோர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் நீட் தேர்வை எதிர்த்த மாணவி அனிதா இறந்தபோது கடற்கரையில் கூட்டம் சேரும் முன்பே போலீஸ் வரிசை நின்றது. காவிரிக்காக விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு அங்கே உட்கார அனுமதி கேட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. தனி நீதிபதி கொடுத்த அனுமதியை அமர்வு நிறுத்தியது. 2021-ல் ஆட்சி மாறிய பிறகும் இந்தப் பாடம் மாறவில்லை.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. கோரிக்கை எழுத்தில் இருந்தது. யாரோடு பேசுவது என்பதில் அரசுக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. பேச்சும் பலமுறை நடந்தது. மெரினாவிடம் இல்லாதவை எல்லாம் அவர்களிடம் இருந்தன. நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்களைப் போலீஸ் தூக்கிச் சென்றபோது, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடற்கரைக்கு ஒரு காலத்தில் வந்த லட்சங்களில் நூற்றில் ஒரு பங்குகூட அங்கே இல்லை. உடன் நின்று கைதான வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் கொஞ்சம் பேர்தான். அமைப்பு உள்ளவர்களிடம் கூட்டம் போவதில்லை. கூட்டம் சேரும் இடத்தில் அமைப்பை விடுவதில்லை. மெரினாவில் அன்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். ரிப்பன் மாளிகைக்கு ஏன் போகவில்லை என்று அவர்களில் யாரைக் கேட்டாலும், தங்களை யாரும் அழைக்கவில்லை என்றுதான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். மெரினாவுக்கும் அவர்களை யாரும் அழைக்கவில்லை.